மாமாவின் புல்லட்டில் பாடிய பெட்டி

தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர்களுக்குப் பாட்டு கடல் தாண்டித்தான் வந்தது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாக 600 கிலோமீட்டர். கொழும்புக்குக் கடல் வழியாக அதில் பாதிகூட இல்லை. இடையில் மலை இல்லை, காடு இல்லை, உப்புத் தண்ணீர் மட்டும்தான். மத்திய அலை வானொலிக்கு அந்த உப்புத் தண்ணீர் மாதிரி நல்ல பாதை வேறு கிடையாது. தரையை ஒட்டி ஓடும் அலை காய்ந்த மண்ணில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கடல்நீரின் மேல் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகும். அதனால்தான் பட்டப்பகலிலும் இலங்கை வானொலி எங்கள் ஊர்த் திரேஸ்புரத்துத் தெருக்களில் அவ்வளவு தெளிவாக ஒலித்தது.

அதைக் கேட்க வேண்டிய தேவையும் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடலை ஒதுக்கி வைத்தார். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கும்வரை, சினிமாப் பாட்டு கேட்க விரும்பிய இந்தியா முழுவதும் இலங்கை வானொலியைத்தான் நாடியது. விவித் பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் போகவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களை முகம் பார்க்காமலே எங்கள் வீட்டார் இனம் கண்டார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி தொடங்கினால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும்.

என் தாய்மாமா இந்தப் பாட்டைத் தன் புல்லட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவருக்குக் கயிறு, வலை, மிதவை, தூண்டில் முள் வியாபாரம். வடக்கே தருவைக்குளம், வேம்பார். தெற்கே மணப்பாடு, பெரியதாழை, உவரி. கடற்கரை ஊர்களுக்குப் போய் ஆர்டர் எடுப்பார், பழைய பாக்கி வாங்குவார். இளவயதில், 1955க்கும் 1961க்கும் இடையே நடந்த முத்துக்குளிப்புகளில் தோணிக்காரர்களுக்குக் கயிறு கொடுத்தவர் அவர். கல்லோடு இறங்குபவரை மேலே இழுப்பது அந்தக் கயிறுதான். அதில் ஓர் இழை தளர்ந்திருந்தாலும் உயிர் போகும் என்று சொல்லிச் சொல்லி, நைலான் வந்த பிறகும் ஒவ்வொரு சுருளையும் கையால் தடவிப் பார்த்தே விற்பார். 1961க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மாமாவும் வலைக்கு மாறினார்.

வண்டி, சென்னைத் திருவொற்றியூரில் செய்த 350 சிசி புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர். 6 வோல்ட் பேட்டரி. பின் சக்கரத்தின் இருபுறமும் தகரப் பெட்டி. ஒன்றில் சரக்கு மாதிரிகள், மற்றதில் ரசீதுப் புத்தகமும் மாற்று வேட்டியும். பெட்ரோல் டாங்கின் மேல் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். அதை இரும்பு டாங்கின் மேல் நேராக வைத்தால் சத்தம் அமுங்கும் என்று பட்டறிவால் கண்டுகொண்டு, கீழே ஒரு மிதவைக் கட்டையைக் கொடுத்து உயர்த்தி, வலைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

வண்டி ஓடும்போது அதில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். பிளக்கில் நெருப்புப் பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே ஒரு சின்ன வானொலி அலையைக் கிளப்பும். மத்திய அலைப் பெட்டி அதையும் சேர்த்துப் பிடித்து, இன்ஜின் வேகத்துக்கு ஏற்றபடி கரகரக்கும். போதாக்குறைக்குச் சாலை வளைந்தால் சத்தம் குறையும். பெட்டிக்குள்ளே கம்பிச் சுருள் சுற்றிய ஃபெரைட் கட்டை ஒன்று படுத்திருக்கும். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் பாட்டு கணீரென்று வரும். அதன் முனை நிலையத்தைப் பார்த்தால் தேய்ந்துபோகும். முத்தையாபுரம் தாண்டிப் பழையகாயல் வரை ஒரு தினுசாக இருக்கும். முக்காணியில் தாமிரபரணிப் பாலம் ஏறி ஆத்தூர்ப் பக்கம் திரும்பினால் வேறு தினுசு. எந்த வளைவில் பாட்டு போகும், எந்த வளைவில் திரும்பி வரும் என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மனப்பாடம்.

ஆகவே நல்ல பாட்டு வந்தால் மாமா வண்டியை நிறுத்திவிடுவார். “ஏல மருமவனே, எறங்குல. பாட்டு கேக்கணும்னா வண்டி நிக்கணும்” என்பார். பனைமரத்து நிழலோ டீக்கடையோ உப்பளத்து வரப்போ, எதுவானாலும் சரி. இன்ஜின் அணைந்ததும் கரகரப்பு போய்விடும். பெட்டியைக் கையில் எடுத்துக் கிழக்கே பார்த்துத் திருப்பி வைப்பார். கொஞ்ச நேரத்தில் ஆள் கூடும். உப்பு வாருகிறவர்கள் பலகையை நட்டு வைத்துவிட்டு நிற்பார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர் வேலி ஓரம் வருவார். யாரும் யாருக்கும் பாட்டு போடவில்லை. கொழும்பில் யாரோ ஒருவர் எல்லாருக்குமாகப் போட்டார். பிடித்த பாட்டு வேண்டுமென்றால் தபால் எழுத வேண்டும். பெரியதாழையில் ஒரு வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள் வாழ்த்துக்காகக் கடிதம் போட்டுவிட்டு, அந்தப் பெயர் வாசிக்கப்படும் நாளில் தெருவே அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை மாமாவோடு நானும் பார்த்திருக்கிறேன். பெயர் ஒரு நொடிக்குள் வந்து போனது. அதற்கு இனிப்பு கொடுத்தார்கள்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும் காரணமே மாறிவிட்டது. அக்கரையில் எரிந்த வீடுகளைப் பற்றி, சொந்தக்காரர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்றுதான் எங்கள் தெருவில் வானொலி கேட்டார்கள். பாட்டுக்காக வண்டியை நிறுத்திய மாமா, செய்திக்காக நிறுத்தத் தொடங்கினார். அப்போதும் ஆள் கூடியது. யாரும் பேசவில்லை.

அதே ஆண்டுகளில்தான் கேசட் வந்தது. பாட்டுக்கு இனிக் கடலையோ காற்றையோ நம்ப வேண்டாம். ரெக்கார்டிங் கடையில் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிட நாடா நல்லது. 90 நிமிட நாடா மெல்லிசு, வெயிலில் இளகிச் சுற்றிக்கொள்ளும் என்பார்கள். மாமா கார் ஸ்டீரியோ ஒன்றை வாங்கி ரசீதுப் பெட்டிக்குள் பொருத்தினார். பெட்டியின் முன்பக்கம் வட்டமாக வெட்டி ஸ்பீக்கர் வைத்தார். வண்டி 6 வோல்ட், ஸ்டீரியோ 12 வோல்ட். அதற்கென்று தனியாக ஒரு பேட்டரியை இன்னொரு பெட்டியில் ஏற்றி, பேட்டரிக் கடையில் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போவார். சரக்கு மாதிரிகள் தோளில் தொங்கும் பைக்கு மாறின. அத்தைக்கு அதில் வருத்தம். மாமாவுக்கு இல்லை.

அதே காலத்தில் உலகின் மறுபுறத்தில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்காக ஹோண்டா 1975இல் கொண்டுவந்த கோல்டு விங் வண்டி, 1980களில் ரேடியோ, கேசட், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த நெடும்பயண வண்டியாகிவிட்டது. அங்கே தொழிற்சாலை செய்து கொடுத்ததைத்தான் மாமா தகரப் பெட்டியிலும் கூலிக்குச் சார்ஜ் போட்ட பேட்டரியிலும் செய்தார். நீண்ட சாலையில் போகிறவனுக்குப் பாட்டு வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொது.

கைப்பேசிக்குள் பாட்டு வந்தபோது அந்த வண்டிகளுக்கும் மாமாவின் வண்டிக்கும் ஒரே சிக்கல் வந்தது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது, பாட்டு உள்ளே போகத்தான் வழியில்லை. கோல்டு விங்கின் 2018 வகையில் ஆப்பிள் கார்பிளே வந்தது. மோட்டார் சைக்கிளில் அதுதான் முதல் முறை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

மாமா காலமான பின் புல்லட் எனக்கு வந்தது. மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டு வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். தனி பேட்டரி தேவையில்லாமல் போனது. கைப்பேசிப் பாட்டை அந்தப் பெட்டிக்குள் கொண்டுபோக இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேசட் வடிவத்தில் வயர் தொங்கும் அடாப்டர் முதலாவது. அதற்குள் நாடா கிடையாது. பிளேயரின் ஹெட்டுக்கு எதிரே இன்னொரு ஹெட் நின்று, பாட்டைக் காந்தப்புலமாக மாற்றிக் காட்டும். குண்டுகுழியில் ஹெட் விலகினால் பாட்டும் விலகும். இரண்டாவது சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். காலியாக இருக்கும் அலைவரிசை ஒன்றில் நம் பாட்டை நாமே ஒலிபரப்பி நாமே பிடிக்க வேண்டும். சில ஊர் தள்ளிப் போனால் அந்த இடத்தில் வேறு நிலையம் வந்து உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது ஆக்ஸ் வயர். ஒலி சுத்தமாக இருந்தது, கைப்பேசிக்கு வண்டியிலிருந்தே சார்ஜ் போடும்வரை. சார்ஜர் வயரைச் செருகியதும் ‘ஊ’ என்றொரு ஊளை எழுந்தது; ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஊளையும் ஏறியது. “அண்ணாச்சி, கரன்ட்டும் பாட்டும் ஒரே பேட்டரியில இருந்து ரெண்டு பாதையில வருது. எர்த்து ரெண்டு பக்கமும் சுத்துது. நடுவுல சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பிரிச்சு விடணும்” என்றார் எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தம்பி. பிரித்துவிட்டதும் அடங்கியது. பிறகு அவரே, “இதுக்கு எதுக்கு வயரு?” என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு புளூடூத் போர்டை எடுத்து, கேசட் நுழையும் வாய்க்குள்ளேயே உட்காரவைத்துக் கொடுத்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு உப்புக்காற்றில் பொடிந்திருந்தது. புதுக் கூம்பு ஒட்டினார். பச்சை பூத்திருந்த செம்பு முனைகளைச் சுரண்டிக் கிரீஸ் தடவினார். காந்தம் பழையதுதான், சட்டமும் பழையதுதான். மாமா வெட்டிய வட்டம் அப்படியே இருக்கிறது.

இன்று அந்த வண்டியில் திருச்செந்தூர்ச் சாலையில் போகிறேன். எந்தப் பாட்டும் எப்போதும் கிடைக்கிறது. தபால் அட்டை வேண்டாம், காத்திருக்க வேண்டாம். சாலை எந்தப் பக்கம் வளைந்தாலும் சத்தம் மாறாது. பிளக்கின் பொறி பாட்டைத் தொடாது. ஆனால் அந்தப் பாட்டு நடக்கும் வழியைப் பாருங்கள். எங்கோ ஒரு தரவு மையத்திலிருந்து கிளம்பி, கண்ணாடி இழை வழியே வந்து, கோபுரத்திலிருந்து என் சட்டைப் பைக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கும் பெட்டிக்கு மறுபடியும் வானொலி அலையாகவே தாவுகிறது. கொழும்பிலிருந்து நேராக வந்த பாட்டைவிட இதற்கு இடைத்தரகர் அதிகம். மாதக் கட்டணம் முடிந்தால் நின்றுவிடும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் விசைப்படகுக்காரர்களுக்கு டவர் போய்விடுகிறது. அவர்கள் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கடல் மேல் இன்றும் தேயாமல் போவது மத்திய அலைதான். தூத்துக்குடியில் உள்ள அகில இந்திய வானொலியின் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், 1053 கிலோஹெர்ட்ஸில், அதே உப்புத் தண்ணீரின் மேல் பாட்டை இலங்கைக்கு அனுப்பி வந்திருக்கிறது. அங்கிருந்து கேட்டு வளர்ந்த ஊர், அங்கே கேட்கச் செய்யும் ஊராகவும் ஆனது. எனக்கு அதில் பெருமை உண்டு.

கரையும் மாறிவிட்டது. 1974இல் பெருந்துறைமுகமான நம் துறைமுகம் இன்று வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. மாமா பாட்டுக்காக நிறுத்திய சாலை ஓரங்களில் இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவர் வலை விற்ற குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சாலையில் என்னைக் கடந்து போகும் இளைஞர்களின் காதில் வெள்ளையாக ஒரு பொருள் செருகியிருக்கிறது. அவர்களுக்கும் பாட்டு ஓடுகிறது. என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. பின்னால் வரும் லாரி ஹாரன் அடிப்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் கவலைப்படுவது இப்படித் தனித்தனியாகக் கேட்பதற்காகத்தான். அந்தக் காலம் உயர்ந்தது, இந்தக் காலம் தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. அன்று ஒரு பாட்டுக்காக எத்தனை நாள் காத்திருந்தார்கள்! அந்தப் பாட்டு வரும் நேரத்தில் வேலை இருந்தால் போயிற்று. ஏழையால் டிரான்சிஸ்டர் வாங்க முடியவில்லை. வாங்கியவர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. இன்று உப்பளத்தில் விடியுமுன் இறங்கும் பெண்கள் இடுப்புப் பையில் கைப்பேசியை வைத்துப் பாட விட்டுக்கொண்டு உப்பு வாருகிறார்கள். அவர்கள் விரும்பிய பாட்டு, அவர்கள் விரும்பிய நேரத்தில். இது பெரிய விடுதலை. யாரும் அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனாலும் கேட்பது என்பது காதோடு முடிகிற வேலை இல்லை என்று அந்தப் பெட்டி எனக்குக் கற்றுக் கொடுத்தது. ஒரு பாட்டைப் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அந்தப் பாட்டுக்குப் பத்து நினைவு ஒட்டிக்கொள்ளும். பழையகாயல் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்டியை மெதுவாகப் பாட விடுவேன். யாராவது ஒரு பெரியவர் வந்து, “தம்பி, அந்தப் படத்துப் பாட்டு இருக்குமா?” என்பார். கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். பேரன் வயதுப் பையன் ஒருவன் தேடி எடுத்துக் கொடுப்பான். அந்தப் பாட்டு தொடங்கியதும் பெரியவர் முகத்தில் வருகிற வெளிச்சம் இலங்கை வானொலி காலத்தில் நான் பார்த்த அதே வெளிச்சம். அன்று கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது, இன்று ஒரு டீ ஆறுவதற்குள் கிடைக்கிறது. சேர்ந்து கேட்கும் வழக்கம் அன்றைக்கு உரியது, கேட்டதைக் கொடுக்கும் வசதி இன்றைக்கு உரியது. இரண்டும் ஒரே இடத்தில் சேர ஒரு பழைய ஸ்பீக்கர் போதும்.

அதற்கு ஒழுங்கும் வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க அவை வழி செய்கின்றன. தெருவுக்குள் நுழைந்தால் பெட்டியை அணைத்துவிட வேண்டும். சேர்ந்து கேட்க நினைப்பவர் பிறர் மேல் பாட்டைத் திணிக்கக் கூடாது. கேட்க வருகிறவர் காதுக்கு எட்டும் சத்தம் போதும்.

வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. துறைமுகச் சாலையில் காதை அடைத்துக்கொண்டு போகாதீர்கள். பாட்டு வேண்டுமென்றால் காது திறந்திருக்க, எதிரில் வருவதும் பின்னால் வருவதும் கேட்கிற அளவில் வையுங்கள். ரொம்பப் பிடித்த பாட்டு வந்தால் ஓரமாக நிறுத்திக் கேளுங்கள். அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒரு பழைய டேப், ஒரு பழைய ஸ்பீக்கர் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காந்தமும் ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருந்தால், சில நூறு ரூபாயிலும் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒரு தம்பியின் அரைநாள் உழைப்பிலும் அது மறுபடி பாடும்.